லீவில் வேலைக்குப் போனால் உதவித்தொகை போய்விடுமா?

மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். கோடை லீவில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய் நாலு காசு சம்பாதித்தான். 'தமிழ்ப் புதல்வன்' ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ?
– ஒரு தாய், பண்ருட்டி

நிற்காது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கும் சரி, 2022-ல் வந்த 'புதுமைப் பெண்'ணுக்கும் சரி, வருமான வரம்பே கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். இப்போது கல்லூரியில் இருக்க வேண்டும். பையன் சம்பாதித்த காசை யாரும் கேட்கப் போவதில்லை. கைரேகையைத்தான் கேட்பார்கள்! முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்த விரலைப் பார்த்து மெஷின் திருதிருவென முழிக்கும். விரல் கைவிட்டாலும் ஓடிபி கைகொடுக்க, ஆதாரில் செல்போன் நம்பரைச் சேர்த்து வையுங்கள்.

உப்பளத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கு 600 ரூபாய் கூலி. மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்டால், 365 நாளால் பெருக்கி, "நாலு லட்சம் தாண்டுதேம்மா" என்கிறார்கள்.
– ஒரு வாசகி, வேதாரண்யம்

மழைக்கும் சேர்த்துக் கூலி போடும் முதலாளி யாரென்று அவர்களிடமே கேளுங்கள், நானும் வேலைக்கு வருகிறேன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு வருடத்துக்கு 2.5 லட்சம். 365 நாள் வேலை என்றால் 4,38,000, படிப்பு அம்போ. 200 நாள் என்றால் 2,40,000, படிப்பு பிழைத்தது. எத்தனை நாள் வேலை இருந்தது என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். சாட்சிக்கு வெளியே போக வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை என்றுதானே அரசே உங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது?

மீன்பிடித் தடைக்காலம் மீனுக்கா, பிள்ளைகள் படிப்புக்கா?
– ஒரு மீனவர், பாம்பன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பிளஸ் டூ ரிசல்ட், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான். கையில் காசு இல்லாத நேரம், ஆனால் அப்பா கரையில் இருக்கும் நேரம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பேங்க் கணக்கு மூன்றையும் அதற்குள் முடித்துவிடுங்கள். மீன் முட்டையிடட்டும், நீங்கள் மனு போடுங்கள்.

தை மாதம் சூளைக்குப் போய் ஆனியில் திரும்பினோம். ஏழாவது படிக்கும் பையனை, "டிசி இல்லாமல் சேர்க்க முடியாது" என்கிறார்கள்.
– ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி, திருவண்ணாமலை

முடியும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, டிசி வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. நான்காவது பிரிவு, படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது. நம் சூளைகளுக்கு ஆள் வரும் ஒடிசாவில், பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் உண்டு. அடுத்த தைக்குள் பையனை ஊரிலேயே விட்டுப்போக ஒரு பாட்டியையோ விடுதியையோ பார்த்து வையுங்கள்.

இரண்டு வருடம் பனியன் கம்பெனி. இப்போது வேலையை விடாமல் தபால்வழியில் பி.ஏ. சேரப் போகிறேன். 'புதுமைப் பெண்' பணம் வருமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

தபாலில்கூட வராது. நேரடியாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பணம். படிக்கிறவர் ஒருத்தர், உழைக்கிறவர் வேறொருத்தர் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இரண்டும் நீங்களே. உங்களுக்குத்தான் அந்த ஆயிரம் அதிகம் தேவை என்பது என் கட்சி.

லீவில் இரண்டு மாதம் பெயின்ட் அடிக்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தில் பதியலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 30 நாள் உதைக்கிறது. அதற்காகக் கல்லூரிக்கு மட்டம் போடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ கட்டட வேலை செய்தால் அவர்கள் அட்டையில் உங்களுக்கே கல்வி உதவி உண்டு. அட்டையைப் புதுப்பித்தார்களா என்று இன்றைக்கே பரணில் ஏறிப் பாருங்கள்.

பதினாறு வயதுப் பையன் லீவில் பட்டாசு ஆலைக்குப் போகலாமா?
– ஒரு தந்தை, சிவகாசி

கூடாது. பதினெட்டு வயது ஆகாதவருக்கு ஆபத்தான தொழிலில் வேலை கொடுப்பது குற்றம். மளிகைக் கடைக்கு அனுப்புங்கள். அங்கே வெடிப்பது கடைக்காரரின் கோபம் மட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளை லீவில் வேலைக்குப் போகலாமா, கூடாதா?
– ஒரு வாசகர், தருமபுரி

வயதுக்கேற்ற வேலை என்றால் போகலாம். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. கூலி வாங்கினவன் ஜூன் மாதம் கிளம்பி வந்துவிடுவான். முன்பணம் வாங்கினவனை மேஸ்திரி விட்டால்தானே கல்லூரி திறந்ததே தெரியும்?