பதினைந்தின் காரணிகள்

ஆர்எஸ்ஏ என்னும் பொதுத்திறவி மறையாக்கப் பூட்டின் பலம் ஒரே சிரமத்தில் இருக்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கிய விடையைப் பிரிப்பது கடினம். குவாண்டம் கணினி அதைச் சுலபமாகப் பிரிக்கும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காகிதத்தில் காட்டினார். 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 7 க்யூபிட்களை, அதாவது குவாண்டம் பிட்களை, திரட்டி 15ஐப் பிரித்தார்கள். விடை: மூன்றும் ஐந்தும். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இது பழைய செய்தி.

ஆனாலும் பூட்டை மாற்றும் வேலை தொடங்கியது. குவாண்டம் கணினிக்கும் திறக்காத பூட்டைத் தேட அமெரிக்கா நடத்திய தேர்வில் நான்காம் சுற்றுவரை வந்த ‘சைக்’ என்ற புதுப் பூட்டை 2022இல் உடைத்தது குவாண்டம் கணினி அல்ல. சாதாரணக் கணினி, சுமார் ஒரு மணி நேரத்தில். புலிக்குக் கட்டிய வேலியை எலி கடித்துவிட்டது.

2024 ஆகஸ்டில் அதே தேர்வில் வந்த வேறு மூன்று பூட்டுகள் தரநிலைகளாக வெளியாயின. அவற்றை உடைத்ததாக யாரும் சொல்லவில்லை. உடைத்தவர் சொல்லவும் மாட்டார்.