ஷீட் பார்த்தீங்களா?

மலைநடைத் திட்டக்காரர் சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் வட்டாரத் தமிழர்களிடையே பிப்ரவரி நடுவில் தலைகாட்டுவார். என்சாண்ட்மென்ட்ஸ் ஏரிகளின் கரையில் இரவு தங்குவதற்கான அனுமதிக் குலுக்கல் அப்போதுதான் திறக்கும். மே 15 முதல் அக்டோபர் 31 வரை அங்கே கூடாரம் போட வேண்டுமானால் அந்தக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். திட்டக்காரருக்கு விழாது. அதற்காக அவர் சோர்ந்துவிட மாட்டார். பகல் நடைக்குக் குலுக்கல் கிடையாது, பாதை தொடங்கும் ட்ரெய்ல்ஹெட்டில் இருக்கும் பெட்டியருகே ஓர் இலவசச் சீட்டை நிரப்பினால் போதும் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருக்கும். மற்றவர்கள் மூன்று நாள் தங்கி நடப்பதை ஒரே நாளில் நடந்துவிடுவது என்று அன்றிரவே முடிவாகும். முடிவெடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் போட்டிருப்பார்கள்.

இந்தப் பாதையை விவரிப்பது சுலபம். வாஷிங்டன் மாநிலத்துக் கேஸ்கேட் மலைகளில், 1976-இல் சட்டப்படி காக்கப்பட்ட ஆல்பைன் லேக்ஸ் வனாந்தரத்துக்குள், ஸ்டூவர்ட் லேக் ட்ரெய்ல்ஹெட்டில் தொடங்கி ஸ்னோ லேக்ஸ் ட்ரெய்ல்ஹெட்டில் முடிகிறது. சுமார் 30 கிலோமீட்டர். நாலு மைல் ஏறினால் கோல்சக் ஏரி. அதன் கோடியில் ஆஸ்கார்ட் கணவாய். ஒரு மைலுக்குள் ஏறத்தாழ 2,000 அடி ஏற்றம், காலுக்குக் கீழே சரளையும் பாறையும்தான். 7,800 அடியில் மேலே வந்து நின்றால் வெண்சாம்பல் கருங்கல் தட்டுகளுக்கு இடையில் இன்ஸ்பிரேஷன், பர்ஃபெக்‌ஷன், லெப்ரகான், விவியன் என்று ஏரிகள் வரிசையாக வரும். பிறகு 6,000 அடிக்கு மேல் ஒரே இறக்கம். வழக்கமாக நடப்பவர்களுக்கே பத்து முதல் பதினான்கு மணி நேரம் பிடிக்கும். திட்டக்காரரின் கணக்கில் இது ஒன்பது மணி நாற்பது நிமிட வேலை.

கணக்கு இருக்கும் இடம் ஷீட். திட்டக்காரரை மற்ற மலைநடைக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் அதுதான். மார்ச் மாதத்தில் அது ஒரே டேபுடன் பிறக்கும். பள்ளி விடுமுறை வருவதற்குள் ஏழு டேப் ஆகிவிடும். நேர டேபில் கோல்சக் ஏரி வருகை 6.50, படம் எடுத்தல் எட்டு நிமிடம், புறப்பாடு 6.58. எட்டுப் பேருக்கு எட்டு நிமிடம் என்பதால் குழுப்படத்துக்கு இடமில்லை. அதைக் கணவாயின் உச்சியில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். எடை டேபில் ஒவ்வொரு பொருளும் கிராமில் பதிவாகியிருக்கும். புளியோதரைக்கு டப்பாவோடு ஓர் எடை, டப்பா இல்லாமல் ஓர் எடை. தயிர் சாதம் 'ஈரப்பதம் அதிகம்' என்ற காரணத்தால் சிவப்பு. ஷூ நெடுவரிசையை நிரப்பாதவர் பெயரும் சிவப்பு. இந்த ஏரிகள் பலவற்றுக்கும் சிகரங்களுக்கும் பில் ஸ்டார்க், பெக் ஸ்டார்க் என்ற தம்பதி தேவதைக் கதைகளிலிருந்தும் நார்ஸ் புராணங்களிலிருந்தும் ஆசை ஆசையாகப் பெயர் பொறுக்கி வைத்தார்கள். ஷீட்டில் அவை எல்-3, எல்-4, எல்-5.

ஷீட் இரவில்தான் அதிகம் வளரும். ஒன்றரை மணிக்குக் கைபேசி அதிரும். எடுத்துப் பார்த்தால், "கொப்புளப் பிளாஸ்திரி: உங்கள் பொறுப்பு" என்று ஒரு கட்டத்தில் பெயர் கோத்திருப்பார். மறுநாள் அலுவலக கேன்டீனில் கேள்வி கேட்டுப் பயனில்லை.

"பாஸ், சாப்பாட்டுக்கு எங்க நிக்கிறோம்?"

"ஷீட்ல இருக்கு பாஸ்."

"தண்ணி?"

"ரெண்டாவது டேப்."

"மழை வந்தா?"

"பிளான் பி போட்டிருக்கேனே, ஷீட் பார்த்தீங்களா?"

பிளான் பி என்பது ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது.

குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்பது அந்தப் பகுதியின் விதி. வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள் இருபத்து மூன்று பேர். இந்தக் கழித்தல் ஒன்றை மட்டும் ஷீட் செய்வதில்லை. முழங்கால் வலி, ஊரிலிருந்து மாமியார் வருகை, ப்ரொடக்‌ஷன் ரிலீஸ் ஆகியவை பார்த்துக்கொள்ளும். நாய்க்கும் அங்கே அனுமதி இல்லை. மலையாடுகள் உண்டு. மனிதச் சிறுநீரின் உப்புக்கு அவை மோப்பம் பிடித்து வருவதால், பாதையை விட்டு விலகிப் பாறைமேல் போகச் சொல்வார்கள். இதற்கு எந்த டேபிலும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

தேதி எப்போதும் செப்டம்பர் கடைசி. லார்ச் மரங்களின் ஊசியிலைகள் அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் பொன்னிறமாக இருக்கும். படத்துக்கு அதுதான் வேண்டும். அப்போது பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரமே என்பதும் ஷீட்டில் இருக்கிறது, ஒளித்து வைத்த நெடுவரிசையில்.

அதிகாலை நாலரைக்கு ஸ்டூவர்ட் ட்ரெய்ல்ஹெட்டில் எட்டுத் தலைகள் ஒரு கைபேசிமேல் கவிழ்ந்திருக்கும். ஷீட் கிளவுடில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த ஒருவர் இருப்பார். அவரிடம் இருப்பது மார்ச் மாதத்து ஷீட்.

இனி வருவது வேடிக்கை அல்ல. ஷீட்டில் இருக்கும் வேகம் ஒன்றே ஒன்று. அது திட்டக்காரரின் வேகம். ஆஸ்கார்டில் ஏறும்போது முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சுவாங்கி, தண்ணீர் குடித்து, கடலைமிட்டாய் தின்று இருபது நிமிடம் காத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்து பையை இறக்கப் போகும்போது, "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு நாள் முழுதும் ஓய்வே கிடையாது. எல்-4 கரையில், அந்த ஏரியைப் பார்ப்பதற்கென்றே ஆறு மாதம் ஷூ நெடுவரிசையை நிரப்பிக் காத்திருந்தவர், அதைப் பார்க்காமலே தாண்டிப் போவார். ஏழு டேபில் ஒரு வரி கடைசி ஆளின் ஓய்வுக்குச் செலவழித்திருக்கலாம்.

இரண்டு ட்ரெய்ல்ஹெட்டுகளுக்கும் நடுவே சாலை வழியில் எட்டு மைல். அதனால் முதலில் ஒரு காரைக் கீழே நிறுத்திவிட்டு மற்றதில் மேலே வர வேண்டும். இது ஷீட்டில் மஞ்சள் வண்ணத்தில் தெளிவாக இருக்கிறது. கீழே நிற்கும் காரின் சாவி மேலே நிற்கும் காரில், ஜாக்கெட் பையில் கிடக்கிறது என்பது ராத்திரி ஒன்பதரைக்குத் தெரியவரும்.

ஆனாலும் அந்த இறக்கத்தில் திட்டக்காரரின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். ஸ்னோ ஏரிகளைத் தாண்டி இருட்டியதும் அவர் பின்னால் திரும்பி ஏறி வருவார். எடை டேபில் அவருடைய சொந்த வரி மட்டும் காலியாக இருந்ததன் காரணம் அப்போது புரியும்: அவர் பையில் உபரியாக இரண்டு ஹெட்லாம்ப், முழங்கால் பட்டை, எட்டுப் பேருக்கும் எலக்ட்ரோலைட் பொட்டலம், கூடவே ஓர் எலுமிச்சை ஊறுகாய் டப்பா. ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். தடுமாறி இறங்குபவரின் பையை வாங்கித் தன் பைமேல் போட்டுக்கொள்வார். சாவி விஷயம் தெரிந்ததும், எதிர்ப்படும் காரை நிறுத்தி லிஃப்ட் கேட்டு மேலே போய் எடுத்துவருபவரும் அவரேதான். அடிவாரத்து ஊரான லெவன்வொர்த்தில் பெரும்பாலான கடைகள் சாத்திய பிறகு அந்த எட்டுப் பேருக்கும் எங்கேயோ பீட்சா தேடிப் பிடிப்பவரும் அவர்தான்.

அவருடைய ஷீட்டுக்கு அழைப்பு வந்தால் தாராளமாகச் சேரலாம். தேதியை மட்டும் பொழுது நீண்டிருக்கும் ஆகஸ்டுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். லார்ச் இல்லாவிட்டாலும் ஏரி அதே ஏரிதான். கிளம்புமுன் கீழ்க் காரின் சாவி யார் பையில் இருக்கிறது என்று, ஷீட்டைப் பார்க்காமல், கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள்.