சும்மா இருத்தல்: உறைபனிக்குப் பிந்தைய உதகை மலர்ப்பாத்தி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: உதகமண்டலம், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். ஆய்வுப்பொருள்: வீட்டு முன்வாசலில் பல ஆண்டுகளாக வேரூன்றிய மலர்ப்பாத்தி. காலம்: பனி விலகுவதுபோல் பாவனை காட்டும் மாசி. இடையூறு: கையில் கத்தரியோடு நிற்கும் குடும்பத்தலைவர்.

முதலில் எதிரியை அறிவோம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்கும். அதனால்தான் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டு வீட்டுக்காரர் "எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்களே" என்கிறார். அதில் அவருடைய சாதனை எதுவுமில்லை. பள்ளத்து வீட்டில் இலைக்குள் நீர் உறைந்து திசு சிதைகிறது. வெயில் ஏறியதும் ஜெரேனியம் வெந்த கீரையாகத் துவண்டு, பிறகு கறுக்கிறது.

1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் இதற்கு மரபான பரிகாரம் உண்டு. கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டுவந்து மலர்ச்செடிகளுக்குக் கூரையாகக் கவிப்பார்கள். ஆய்வுக்குரிய இல்லத்தில் அந்தப் பதவியைப் பழைய வேட்டி வகிக்கிறது.

பனிக்குப் பின் என்ன செய்வது என்பதில் அறிஞருலகம் இரண்டுபட்டுள்ளது. கறுத்ததெல்லாம் செத்தது, செத்ததெல்லாம் வெட்டத்தக்கது என்பது வெட்டுவாதம். பொறுத்திருப்போம் என்பது விடுவாதம். மேற்படி இல்லத்தில் முதலாவதற்குத் தலைவர் கணவர், இரண்டாவதற்கு மனைவி.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டுங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் என்னதான் பண்றது?"

வெட்டுவாதத்தின் உளவியல் வேர் இக்கேள்வியில் முழுமையாக வெளிப்படுகிறது.

ஆனால் சான்றுகள் விடுவாதத்தின் பக்கமே. கருகிய இலைகள் பார்க்கச் சகிக்காவிட்டாலும், அடியிலுள்ள மொட்டுகளுக்கு அவையே போர்வை. முன்கூட்டி வெட்டினால் இளந்துளிர் கிளம்பும். மாசியில் தப்பிவந்த ஒரு பனியிரவு அதைத் தீய்த்துவிடும். தழைச்சத்து உரத்தை அவசரப்பட்டுப் போட்டாலும் இதே கதி. பனி ஓய்ந்தபின் நகக்கீறல் முறையைக் கையாளலாம்: தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பானால் இல்லை. நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிவந்து, பச்சை தொடங்குமிடத்தில் நல்ல மொட்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். செலவில்லாத இக்கருவி எல்லார் விரலிலும் இருந்தும், கடையில் கத்தரிதான் விற்கிறது.

ஹைட்ரேஞ்சியா விஷயத்தில் இந்த ஆய்வாளர் நடுநிலை வகிக்க இயலாது. நாம் பரவலாக வளர்க்கும் பெரிய இலை ரகம், அடுத்த பூவுக்கான மொட்டைப் போன பருவத்துக் கம்பிலேயே கட்டிவைத்துவிடும். குச்சியாய் நிற்கிறதே என்று தரையோடு நறுக்கியவருக்கு அந்த ஆண்டு செழிப்பான இலைகள் கிடைக்கும். இலைகள் மட்டும். காய்ந்த பூக்கொத்தைக் கிள்ளி, உயிரற்ற கம்பை அகற்றினால் போதும். ரோஜா வேறு கட்சி. அது கவாத்தை விரும்பிக் கேட்கும். டேலியா மேலே மடிந்தாலும் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்குகிறது. ஈரம் தேங்கி அழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணை ஆழக் கொத்துவதும் வெட்டுவாதத்தின் கிளைநெறியே. பழம்பாத்தியில் வேர்கள் மேலாகவே ஓடும். களையைக் கையால் பிடுங்கி, மக்கிய எருவைத் தண்டில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் பரப்பினால் மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

விடுவாதத்தின் பெருங்குறை, காட்டிக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லாததே. மலர்க்காட்சி நடக்கும் மே மாதம், கோயம்புத்தூர் உறவினர் வந்து பூத்த பாத்தியை வியக்கும்போது, வெட்டியவர் வெட்டுவாயைக் காட்டிப் பெருமை கொள்ளலாம். வெட்டாமல் விட்டவர் எதைக் காட்டுவார்? "நான் மாசி முழுக்க ஒண்ணும் பண்ணலை" என்பது எந்த அவையிலும் எடுபடாது.

ஆகவே இவ்வாய்வு ஒரு சமரசத்தைப் பரிந்துரைக்கிறது. பாத்தியோரம் கிக்குயூ புல் இருக்கிறது. பனியில் கருகும், வெட்டினால் துளிர்க்கும், மிதித்தால் படரும், மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பாத்திக்குள் நுழையும். குடும்பத்தலைவரை அதன் ஏகபோக அதிகாரியாக நியமித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்தாலும் புல் தீராது.