மாண்புமிகு சட்டம் 172 அவர்களுக்கு

அனுப்புநர்: ஒரு வாடகைக் குடித்தனக்காரன், கிள்ளான்.
பெறுநர்: 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம்.

ஐயா,

தாங்கள் பிறந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு தங்கும் விடுதி. பெயர் எதற்கு? கோவிட் காலத்தில் விளக்கை அணைத்தது, பிறகு ஏற்றவே இல்லை. இப்போது அது அடுக்குமாடி வீடாகப் போகிறது என்று ரொட்டி சானாய் கடையில் பேச்சு. சுவரை இடிக்க மாட்டார்களாம். அறைக்கு ஓர் அடுப்பு வைத்தால் முடிந்ததாம்.

இடிக்காவிட்டாலும், கட்டடத்தின் பயன்பாடு பெரிதாக மாறினால் அதுவும் மேம்பாடுதான், அனுமதி இல்லாமல் கூடாது என்று தாங்கள் எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். விடுதி விருந்தாளி ஒரு பெட்டியோடு வந்து காலையில் போய்விடுவான். குடியிருக்க வருபவன் இரண்டு கார், ஒரு மோட்டார் சைக்கிள், மூன்று பிள்ளைகள், தினம் ஒரு பை குப்பையோடு வருவான். அதைப் புரிந்துவைத்திருக்கிறீர்களே!

மகிழ்ச்சி 21ஆம் பிரிவு வரைதான்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால் அண்டை நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் வரும், 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறீர்கள். திட்டம் இருந்தால்? அதன் வரைவைக் காட்சிக்கு வைத்த அன்றே நான் போய் எதிர்த்திருக்க வேண்டும். விடுதிக்காரருக்கே இன்னும் தோன்றாத யோசனையை நான் கனவில் கண்டு!

சரி, திட்டமே இல்லையென்று வைத்துக்கொள்வோம். கடிதம் நில உரிமையாளருக்குத்தான். நான் இந்த வீட்டில் 27 வருடமாக வாடகைக்கு இருப்பவன். வீட்டுக்காரர் ஈப்போவில் இருக்கிறார். ஆக, விடுதிக்கு அண்டைவீட்டார் ஈப்போக்காரர். தினமும் அதன் முகத்தில் விழிக்கும் நான் வழிப்போக்கன்.

அவராவது தப்பினாரா என்றால், நடுவே சாலையோ கால்வாயோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறீர்கள். மகனை மறுமுனையில் நிறுத்தி டேப் பிடித்தேன். சாலையும் லோங்காங் என்ற பெரிய கால்வாயும் சேர்ந்து 21 மீட்டர். அந்த ஒரு மீட்டர் முழுக்க லோங்காங்தான். மழை கொட்டினால் அதன் தண்ணீர் எங்கள் வாசலுக்கே வருகிறது. தாங்கள் மட்டும் அக்கரையில் நின்றுவிடுகிறீர்கள்.

கோலாலம்பூருக்குள் தங்கள் ஆட்சி இல்லை. அங்கே தங்கள் தம்பி, 1982ஆம் ஆண்டின் சட்டம் 267. அவரிடம் மாட்டிய தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள், ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட 2017இல் கொடுத்த அனுமதி செல்லாது என்ற கடைசித் தீர்ப்பை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் பெற்றார்கள். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்தால் எனக்கு இங்கேயே தலை சுற்றுகிறது.

விடுதியா வீடா என்பதில் ஊரே குழம்பிக் கிடக்கிறது என்பதும் உண்மை. நிலப் பட்டாவில் வணிகம், விளம்பரத்தில் இனிய இல்லம் என்று சர்வீஸ் அபார்ட்மெண்ட் விற்கிறார்கள். மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸில் கதை தலைகீழ்: அங்கே வீடுகளை நாள் வாடகைக்கு விட்டு விடுதியாக்கினார்கள். நிர்வாகக் கழகம் தடை போட்டு, மீறினால் நாளுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்றது. அந்தத் தடை செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பானது. வீட்டை விடுதியாக்கினால் உள்ளே இருப்பவர் கேட்கலாம். விடுதியை வீடாக்கினால் எதிரே இருப்பவன் கேட்கக் கூடாதா?

தங்களிடமே ஒரு வழி இருப்பதைக் கண்டேன். விடுதிக்குப் போகும் சாலை முட்டுச்சந்தாக இருந்து, நாங்களும் அதையே பயன்படுத்தினால், 200 மீட்டருக்குள் உள்ள நிலமெல்லாம் அண்டை நிலமாம். எங்கள் சாலையின் கடைசியில் மோட்டார் சைக்கிள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருக்கிறது. அதில் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் சந்து முட்டிவிடும். செங்கலுக்குப் பணம் வசூலித்தாகிவிட்டது. ஈப்போக்காரர்கூட 50 ரிங்கிட் அனுப்பினார்.

சுவர் எழுப்ப அனுமதி வேண்டுமாம். எதிர்ப்பு இருந்தால் கேட்பார்களாம். சந்தின் கடைசி நிலம் யாருடையது என்று விசாரித்தேன்: விடுதிக்காரருடையது.

இப்படிக்கு,
21ஆவது மீட்டரிலிருந்து