மாயாவிக்கு மின்வெட்டு

1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேலை இன்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ! 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே குடியுரிமை கொடுத்ததால் நமக்கு அவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார். கை மட்டும் தெரியும்.

அந்தமானுக்கு மட்டும் இவரை அனுப்பிவிடாதீர்கள். தீவுகளை இணைக்கும் பொது மின்தொடர் அங்கில்லை. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான். மறையும் நேரத்தில் கரண்ட் போனால், சாக்கெட்டில் விரலை விட்டபடி வில்லனைப் பார்த்து அசடு வழிய வேண்டியதுதான்.

கரண்டே இல்லாமல் மறையும் வித்தையை டெல்லி கற்று வைத்திருக்கிறது. அந்தமானில் ராஸ் தீவின் பெயர் 2018-இலும் போர்ட் பிளேரின் பெயர் 2024-இலும் ஓர் அறிவிப்பில் மாயமாயின. பேச்சுவழக்கில் இரண்டும் இன்னும் தெரிகின்றன, அந்தக் கையைப் போல.