கெர்னலின் காதில் ஒரு வரி

கேள்வி: கெர்னல் பாராமீட்டர் என்று லினக்ஸ்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: பவர் பட்டனை அழுத்தியதும் கிரப் என்ற பூட்லோடர் எழுந்து, கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஏற்றும்போதே ஒரு வரியையும் அதன் காதில் போட்டு அனுப்புகிறது. ரூட் பார்ட்டிஷன் எது, திரையில் எவ்வளவு பேசலாம், எந்த வன்பொருளைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அந்த வரியில்தான் இருக்கும். வட்டைத் திறந்து எந்தக் கோப்பையும் படிக்க முடியாத நேரம் அது. ஆகவே அந்த நேரத்துக்கான உத்தரவுகளைச் சொல்ல அந்த வரியே வழி.

கேள்வி: என் கணினிக்கு என்ன வரி போயிருக்கிறது என்று பார்க்க முடியுமா?

பதில்: டெர்மினலைத் திறந்து, ப்ராக் கோப்புறையில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள். இந்தமுறை பூட் ஆனபோது போன வரி அப்படியே இருக்கும். எதையும் மாற்றும் முன் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்த்தேன். 'ஆர்ஓ' என்று இருக்கிறது. வாசிக்க மட்டுமே அனுமதி என்றால் நான் தினமும் கோப்புகளைச் சேமிப்பது எப்படி?

பதில்: கூர்மையான கண் உங்களுக்கு! முதலில் ரூட் பார்ட்டிஷனை வாசிக்க மட்டும் இணைத்தால்தான், பிழை இருக்கிறதா என்று எஃப்எஸ்சிகே பத்திரமாகச் சோதிக்க முடியும். சோதனை முடிந்தபின் எழுதும் அனுமதியோடு அது மறுபடி இணைக்கப்படுகிறது. நீங்கள் லாகின் செய்வதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

கேள்வி: புது லேப்டாப்பில் உபுண்டு போட உட்கார்ந்தால் வெறும் கறுப்புத் திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவா?

பதில்: பொறுங்கள். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரின் தகராறுதான் இது. கிரப் மெனு வந்ததும் விசைப்பலகையில் ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரி தெரியும். அதில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 'நோமோட்செட்' என்று சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். திரையின் மோடை கெர்னல் தானாக மாற்ற முயலாது. ஃபர்ம்வேர் ஏற்படுத்தித் தந்த எளிய திரையிலேயே வேலை நடக்கும். படம் வந்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். கிராபிக்ஸ் சிப்பின் திறன் முழுவதும் சும்மா கிடக்கும், வெளித்திரையும் பல நேரம் வேலை செய்யாது. சரியான டிரைவரை நிறுவியதும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அந்த வரியில் கை தவறி ஏதாவது எழுதிவிட்டால்?

பதில்: 'இ' தட்டி எழுதியது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். வட்டில் எதுவும் பதியாது. ரீஸ்டார்ட் செய்தால் பழைய வரி திரும்பிவிடும். துணிந்து முயலுங்கள். ஆனால் எழுத்துப் பிழை இருந்தால் கெர்னல் நின்று கேட்காது. தனக்குப் புரியாத சொல்லை, தான் முதலில் தொடங்கும் நிரலான இனிட்டிடம் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். 'போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை' என்று முடிவு கட்டுமுன் எழுத்துகளைச் சரிபாருங்கள். புதிய கெர்னல்கள் இப்படித் தள்ளிவிட்ட சொற்களை லாக்கில் எழுதி வைக்கின்றன; டிமெசேஜ் கட்டளையில் பார்க்கலாம்.

கேள்வி: நிரந்தரமாக்க?

பதில்: உபுண்டு, டெபியனில் ஈடிசி, டிஃபால்ட், கிரப் என்ற பாதையில் உள்ள கோப்பில் எழுதி, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்ட வேண்டும். ஓட்ட மறந்தால் எழுதியது வீண். ஃபெடோராவில் 'கிரபி' என்ற கருவி இருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் சிஎம்டிலைன் என்ற உரைக்கோப்பு. எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், இடையில் என்டர் தட்டக்கூடாது.

கேள்வி: நண்பர் 'ஏசிபிஐ=ஆஃப்' போட்டுக் கொடுத்தார். லேப்டாப் அடிக்கடி உறைந்துபோவது நின்றது. ஆனால் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டுவதில்லை.

பதில்: காட்டாது. பேட்டரி, மின்சேமிப்பு, ஸ்லீப் எல்லாவற்றையும் கெர்னல் ஏசிபிஐ வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஒரு பல்பு மினுக்குகிறது என்று வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிய கதை இது. அதை எடுத்துவிட்டு, உறைவது எதனால் என்று தேடுங்கள். உதாரணமாக, இன்டெலின் பே டிரெயில் சிப்கள் ஆழ்ந்த தூக்கநிலைக்குப் போகும்போது உறைந்தன. அதற்கு 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்ற ஒன்றே போதுமாக இருந்தது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். நோய் எந்த உறுப்பிலோ அங்கே மட்டும் மருந்து போடும் சொல்லைத் தேடுங்கள். கெர்னலின் ஆவணத்தில் நீண்ட பட்டியலே இருக்கிறது.

கேள்வி: 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்று போட்டால் கணினி பறக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை ஊகித்துப் படிக்க அவை வழிவிட்டன. அடைக்கக் கெர்னலில் பல தடுப்புகள் வந்தன. அவற்றை மொத்தமாகக் கழற்றும் சொல்தான் இது, 2019இல் 5.2 பதிப்பில் சேர்ந்தது. நீங்கள் திறக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு இணையப் பக்கமும் முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை உங்கள் பிராசசரில் ஓட்டுகிறது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அந்தத் தடுப்புகளைக் கழற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். இணையத்தில் சேராமல், உங்கள் நிரலை மட்டும் ஓட்டும் கணக்கீட்டுக் கணினி என்றால் அது வேறு. அதன் பொறுப்பாளர் அறிந்தே முடிவு செய்யலாம்.

கேள்வி: ஸ்வாப்பினஸை 10 ஆக்க வேண்டும். அதையும் பூட் வரியில் எழுதவா?

பதில்: தேவையில்லை. நினைவகத்தில் இருப்பதை வட்டின் ஸ்வாப்புக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளலாம் என்று சொல்லும் அது, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய அமைப்பு. இயல்பு மதிப்பு 60. 'சிஸ்சிடிஎல்' கட்டளையில் மாற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் ஈடிசிக்குள் இருக்கும் சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதுங்கள். ஒவ்வொரு பூட்டிலும் அது தானே அமலாகும்.

கேள்வி: பாஸ்வேர்டு மறந்தவர்கள் இந்த வரியை மாற்றித் தப்பிக்கிறார்களாமே?

பதில்: ஆம். 'ஆர்ஓ'வை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று எழுதினால், லாகினே இல்லாமல் ரூட் ஷெல் வரும். அங்கே புது பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். உங்களால் முடிந்தது உங்கள் லேப்டாப்பைத் திருடியவனாலும் முடியும். கிரப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் இந்த வாசல் அடைபடும். ஆனால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுபவனை அது தடுக்காது. முழு வட்டையும் என்கிரிப்ட் செய்யுங்கள். அலுவலகத் தரவு வைத்திருப்பவர்கள் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சில பெயர்களின் நடுவில் புள்ளி இருக்கிறதே, ஏன்?

பதில்: யாருக்கான சொல் என்று காட்டத்தான். புள்ளிக்கு முன்னால் இருப்பது மாட்யூலின் பெயர். 2014 ஏப்ரலில் இதை ஒட்டி ஒரு சண்டையே நடந்தது. புள்ளி இல்லாத 'டீபக்' என்ற பொதுச் சொல்லைக் கெர்னலோடு, பல லினக்ஸ்களில் இனிட்டாக ஓடும் சிஸ்டம்டியும் வாசித்தது. ஒரு பிழையால் அது லாக்கை வெள்ளமாய் நிரப்ப, சில கணினிகள் பூட் ஆகவே இல்லை. சிஸ்டம்டியின் முக்கிய நிரலாளர் கே சீவர்ஸின் நிரல்களை இனிக் கெர்னலில் சேர்க்க மாட்டேன் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். அவர் கோபம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது: கோளாறைத் தேடுபவருக்குப் பூட் வரிதான் கடைசிக் கருவி, அதையே ஒரு மென்பொருள் முடக்கக்கூடாது.

கேள்வி: அந்த வரியில் எவ்வளவு எழுதலாம்?

பதில்: எக்ஸ்86 கணினியில் 2048 எழுத்துகள். போதாதவர்களுக்கு 2020இல் 5.6 பதிப்போடு பூட்கான்ஃபிக் என்ற தனிக் கோப்பு வழி வந்திருக்கிறது.