நைனாவுக்கு ஒரு மேட்டுக் கடிதம்

ஆலன்ஹெட்ஸ், இங்கிலாந்து
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கிலாந்தோட மேற்குக் கரையிலருந்து கிழக்குக் கரைக்கு சைக்கிள்லயே போறேன்னு போன்ல சொன்னப்ப, "ஏன், அங்க பஸ் ஓடலியா?"ன்னு கேட்ட. இன்னிக்கு விசாரிச்சுட்டேன். ஓடுது.

வைட்ஹேவன்லருந்து நான் குடியிருக்கற சண்டர்லேண்ட் வரைக்கும் சுமார் 225 கிலோமீட்டர். 1994-ல திறந்த பாதை. கிளம்பறப்ப பின்சக்கரத்தை மேற்குக் கடல்ல நனைக்கணும், முடிக்கறப்ப முன்சக்கரத்தைக் கிழக்குக் கடல்ல. சம்பிரதாயமாம். உப்புக்காத்து பட்டா செயின் துருப்புடிக்கும்னு ராயபுரத்துல சைக்கிளை மாடிக்கே தூக்கினு போன ஆளு நீ. உன் புள்ள அதை அலைக்குள்ள தள்ளிக்கினு போய் போட்டோ எடுத்துக்கினான். திட்டறதுன்னா திட்டிக்க.

மலை வந்தது இன்னிக்குத்தான். காலையில பென்ரித்துல கிளம்பினா எதிர்க்க ஹார்ட்சைடு கணவாய், 580 மீட்டர். நமக்கெல்லாம் மேடுன்னா பேசின் பிரிட்ஜ் பாலம். அதுலயே பாதியில இறங்கித் தள்ளற ஜாதி. இங்க வளைவு திரும்பினா மேடு, அதுக்கு மேல இன்னொரு வளைவு, அதுக்கும் மேல ஆடு. ஆடு என்னைப் பாத்துச்சு, புல்லு மேஞ்சுச்சு, தலை தூக்கி மறுபடி பாத்துச்சு. நான் அங்கயேதான் இருந்தேன். கியர் சைக்கிள் சோம்பேறிக்குன்னு சொல்லுவியே, அந்தக் கடைசி கியர்ல காலு மிக்ஸி கணக்கா சுத்துது, வண்டி நவுரல.

போதாததுக்குக் காத்து. பக்கத்துல கிராஸ் ஃபெல்னு 893 மீட்டர் மலை. அதோட மேற்குச் சரிவுல இறங்கி அடிக்கற காத்துக்குப் பேரு ஹெல்ம். பிரிட்டன்ல பேர் வச்ச காத்து இது ஒண்ணுதானாம். காசிமேட்டுல வாடை, கொண்டல், கச்சான்னு திசைக்கொரு பேர் வச்சிருக்கோம். இவங்க மொத்தத் தீவுக்கும் ஒண்ணே ஒண்ணுக்குப் பேர் வச்சு, அதையும் நான் ஏறும்போது மூஞ்சிக்கு நேரா விடறாங்க.

பாதி மேட்டுல உன் வயசு வெள்ளக்காரத் தாத்தா ஒருத்தர் விசிலடிச்சிக்கினே என்னைத் தாண்டினாரு. "அருமையான நாள் இல்ல?"ன்னு விசாரிப்பு வேற. அப்பத்தான் மழை புடிச்சிது. மானம் போச்சேன்னு உசுரைக் குடுத்து மிதிச்சு மேல போய்ப் பாத்தா, தாத்தா சைக்கிள்ல மோட்டார்! அதைப் பாத்தப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துது. உச்சியில இருந்த டீக்கடை 2018-ல எரிஞ்சு போச்சாம். அம்மா அனுப்பின முறுக்குதான் காப்பாத்துச்சு.

இறக்கம் சுகம்னு எவன் சொன்னான்? விரல் மரத்துப்போய், பிரேக்கைப் புடிச்சிருக்கமான்னு கண்ணால பாத்துதான் தெரிஞ்சுக்கணும். இறங்கினதையெல்லாம் கேரிகில் தாண்டி வட்டியோட ஏற வச்சுட்டாங்க. கடைசியா பிளாக் ஹில், 609 மீட்டர், இந்தப் பாதையிலயே உசரம். அங்க சைக்கிள் என்னோட நடந்து வந்துச்சு.

நீ டிபன் கேரியரை ஹேண்டில்ல மாட்டிக்கினு, லாரிங்களுக்கு நடுவுல திருவொற்றியூர் என்ஃபீல்டுக்கு ஷிப்ட் போன. ஒரு பய உன்னைப் போட்டோ எடுக்கல. நாங்க லீவு போட்டு, காசு செலவு பண்ணி, இறுக்கமா டவுசர் மாட்டிக்கினு அதையே பண்றோம்.

ஆனா நைனா, வழி நெடுக நம்ம ஊரு மாதிரி ஊருங்கதான். வைட்ஹேவன் கரி ஏத்தின துறைமுகம். நென்ட்ஹெட் ஈயச் சுரங்கம். நாளைக்குப் போற கான்செட்டுல இரும்பாலையோட செந்தூசி ஊர் மேலயே படியுமாம், 1980-ல மூடிட்டாங்க. சண்டர்லேண்ட்ல கப்பல் கட்டறது 1988-ல நின்னுது. சரக்கு ரயில் ஓடின தடத்துல தண்டவாளத்தைப் பேத்துட்டு சைக்கிள் விடறாங்க. எண்ணூர் பழைய அனல்மின் நிலையத்தை 2017-ல மூடினப்ப, "புகைபோக்கி போனா போவட்டும், ஆளுங்க எங்க போவாங்க?"ன்னு கேட்டியே. இங்க டீ குடிச்ச கடையில அதையே கேட்டேன். கடைக்காரம்மாவோட அப்பா கான்செட் ஆலையில இருந்தவராம். "எங்கயும் போவல, வீட்லயே உக்காந்திருந்தாரு"ன்னாங்க. டீக்குக் காசு வாங்கல.

அம்மா வேற எதுவும் கேக்காது, சாப்ட்டானான்னுதான் கேக்கும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்ட்டேன்னு சொல்லு. மீன்ல மிளகாத்தூளே இல்லங்கறதைச் சொல்லிடாத, அழுதுடும்.

உன் புள்ள